பிளஸ் கோட்: படுவான்கரைக்குப் பார்சல் கொண்டுபோகிறவர்களுக்கு

மட்டக்களப்பில் பார்சல் விநியோகம் செய்கிறவர்கள் கூகுள் மேப்பில் இருக்கும் பிளஸ் கோட்டை, அதாவது முகவரிக்குப் பதிலாக ஒரு இடத்தைக் காட்டும் சிறு குறியீட்டை, கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள். வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் முகவரி என்றால் "பிள்ளையார் கோயிலடி, வாய்க்காலுக்கு அங்கால" என்பதுதான். பிள்ளையார் கோயில் இல்லாத ஊர் எது? வவுணதீவுப் பக்கம் மருந்துக்குக் காத்திருக்கும் ஒரு அம்மா, "றோட்டுக்கு வந்து நிக்கட்டா மனே?" என்று கேட்பார். முழங்கால் வலிக்காரரை வெயிலில் நிறுத்த மனம் வராது. இப்போது அவருடைய பேத்தி வாட்ஸ்அப்பில் குறியீட்டை அனுப்பிவிடுகிறாள். நேரே படலையில் போய் நிற்கிறேன்.

கூகுள் இதை 2014இல் வெளியிட்டது. அகலக்கோடு, நெடுங்கோட்டிலிருந்து கணக்காக வருவதால் முழுக் குறியீட்டுக்கு இணையம்கூடத் தேவையில்லை. பயன்படுவது 20 எழுத்தும் இலக்கமும்தான். சைபரும் ஒன்று என்ற இலக்கமும் அதில் இல்லை, அதனால் ஆங்கில 'ஓ'வா சைபரா என்று திணற வேண்டாம். ஊர்ப்பெயரைச் சேர்த்தால் சுருக்கக் குறியீடே போதும்.

குறை என்றால், வழக்கமான குறியீடு காட்டுவது சுமார் 14 மீற்றர் சதுரம். காத்தான்குடி மாதிரி நெருக்கமான இடத்தில் அதற்குள் இரண்டு மூன்று வாசல் வந்துவிடும். மாடியும் தெரியாது. அங்கே போன் எடுக்கத்தான் வேண்டும்.

வாட் த்ரீ வேர்ட்ஸ் என்ற இன்னொரு முறை 3 மீற்றர் சதுரத்தையே மூன்று சொல்லால் காட்டும், தமிழிலும் உண்டு. ஆனால் அந்த முறை ஒரு லண்டன் நிறுவனத்தின் சொத்து. பிளஸ் கோட் யாரும் இலவசமாக எடுத்தாளக்கூடிய திறந்த முறை. அதனால்தான் என் வாடிக்கையாளர்களுக்கு இதையே சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டு இலக்கத்தகட்டிலும் இதை எழுதி வைத்தால் அம்புலன்ஸுக்கும் உதவும்.