ஒரே கோப்பில் இரண்டு தலைமுறை: மலை மாவட்ட அலுவலகங்களுக்கு எந்த வழி சரி?

நீலகிரியில் பல அரசு அலுவலகங்களில் இரண்டு வயதுக்காரர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். ஒரு பக்கம் ஓய்வை நெருங்கும் மூத்தவர்கள், மறுபக்கம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதி வந்த இளையவர்கள். நடுவில் ஆள் குறைவு. 2001 நவம்பரில் தமிழ்நாடு அரசு புதிய பணி நியமனங்களுக்குத் தடை போட்டது. 2006 பிப்ரவரியில்தான் அது விலகியது. அந்த வருடங்களில் சேர்ந்திருக்க வேண்டியவர்கள் இன்று இரண்டு பக்கமும் பேசக்கூடிய நடுவயதுக்காரர்களாக இருந்திருப்பார்கள். அந்த இடம் மெலிந்து கிடக்கிறது.

இதோடு பணமும் சேர்ந்துகொண்டது. 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம். அதற்குப் பின் சேர்ந்தவரை, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் போட்டார்கள். அப்புறம் ஓய்வு வயது 58-லிருந்து 2020-இல் 59 ஆனது, 2021-இல் 60 ஆனது. பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர் மேலும் காத்திருந்தார். ஆகவே “இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லை”, “பெரியவங்களுக்குக் கம்ப்யூட்டர் வராது” என்று ஆளாளுக்குக் குணத்தைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. விரிசலில் பாதி அரசாணைகளால் வந்தது.

இதைச் சமாளிக்க அலுவலகங்களில் மூன்று வழிகள் பழக்கத்தில் இருக்கின்றன. வேலையை வயதுப்படி பிரித்துவிடுவது ஒன்று. பயிற்சிக்கு அனுப்புவது இன்னொன்று. ஒரு மூத்தவரையும் ஒரு இளையவரையும் ஒரே கோப்பில் உட்கார வைப்பது மூன்றாவது. என் ஓட்டு மூன்றாவதுக்கு. ஆனால் அதற்கு ஆகும் செலவையும் சொல்லியாக வேண்டும்.

பிரித்துவிடும் வழிதான் எங்கும் நடக்கிறது, யாரும் உத்தரவு போடாமலே நடக்கிறது. கோப்புகளைக் கணினியில் நகர்த்தும் இ-ஆபிஸ், நிலப் பதிவேடுகளுக்கான தமிழ்நிலம் மென்பொருள், ஆன்லைன் சான்றிதழ்கள் எல்லாம் இளையவர் டேபிளுக்குப் போகும். பழைய பதிவேடு, கோர்ட் கேஸ், மனுதாரரிடம் பேசுவது எல்லாம் மூத்தவர் டேபிளுக்கு. முதல் மாதத்தில் இது அருமையாக ஓடும். அவரவருக்குத் தெரிந்த வேலை, சண்டை இல்லை, நிலுவையும் குறையும். சூப்பரண்டுக்கு நிம்மதி.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஒரு பட்டா மனுவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஜன்மம் நிலப் பிரச்சினை, அதாவது ஒரு காலத்தில் ஜன்மிகள் என்ற பரம்பரை நிலவுடைமையாளர்களிடம் இருந்த நிலங்களின் பிரச்சினை, இருக்கிறது. ஜன்ம எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக (நிலம் வைத்திருப்பவர் இடைத்தரகர் இல்லாமல் நேரே அரசுக்கு வரி கட்டும் முறைக்கு) மாற்றும் சட்டம் 1969-இல் வந்து, 1974 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதன் 17-ஆம் பிரிவில் அடங்கும் குத்தகைத் தோட்ட நிலங்களின் கதை இன்றுவரை முடியவில்லை. அந்த நிலங்களில் பல தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களும் இருக்கின்றன. மனு திரையில் வரும்போது இளையவருக்குத் தெரிவது ஒரு சர்வே எண். அந்த எண் எந்த எஸ்டேட்டிலிருந்து பிரிந்தது, அதன் மேல் என்ன வழக்கு நடந்தது, ‘ஆர்.டிஸ்.’ போட்டு நிரந்தரமாக வைத்த கோப்பு ரெக்கார்டு ரூமில் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதெல்லாம் மூத்தவருக்குத் தெரியும். ஆனால் மனு அவர் கண்ணில் படுவதே இல்லை, அது ‘ஆன்லைன் வேலை’ ஆகிவிட்டது. இளையவர் தெரிந்த அளவுக்கு ஒரு குறிப்பு எழுதித் தள்ளிவிடுகிறார். ஏன் தள்ளுபடி ஆனது என்று தெரியாமல் ஜனங்கள் மறுபடி மனுப் போடுகிறார்கள். கூடலூர்ப் பக்கம் ஒரு குடும்பம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருவது என்ன சங்கடம் என்பது மலையில் இருப்பவர்களுக்குப் புரியும்.

இந்த வழியின் பெரிய கேடு பிறகுதான் தெரியும். மூத்தவர் ஓய்வு பெறும் மாதக் கடைசியில் சால்வை போடுவார்கள், நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசுவார்கள். மறுநாளிலிருந்து அந்த ரெக்கார்டு ரூமில் எது எங்கே என்று சொல்ல ஆளே இருக்காது.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலையிறங்கிப் பவானிசாகர் போய் அடிப்படைப் பயிற்சி முடிக்காமல் இளையவருக்குத் தகுதிகாண் பருவம் முடியாது, துறைத் தேர்வுகளும் உண்டு. மத்திய அரசு 2020-இல் மிஷன் கர்மயோகி என்று ஆன்லைன் படிப்புகளைக் கொண்டுவந்தது. எல்லாமே தேவைதான். விதியையும் நடைமுறையையும் வகுப்பில்தான் ஒழுங்காகக் கற்க முடியும். ஆனால் இளையவர் ஒரு வகுப்பில், மூத்தவர் வேறொரு நாள் வேறொரு கணினி வகுப்பில் என்று போனால், இரண்டு பேரும் திரும்பி வந்து அதே பழைய தூரத்தில்தான் உட்காருகிறார்கள்.

மூன்றாவது வழி எப்படி வேலை செய்கிறது என்பதை நில அளவையில்தான் தெளிவாகப் பார்க்கலாம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எல்லைத் தகராறு. இளம் சர்வேயர், சேட்டலைட் உதவியால் இடத்தை அளக்கும் ரோவர் கருவியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் சேட்டலைட் சிக்னல் நிற்கவில்லை. கூட வந்த மூத்தவர் கையில், நிலத்தின் எல்லையையும் கற்களையும் காட்டும் பழைய புலப்பட நகல் இருந்தது, மடித்து மடித்து ஓரம் கிழிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சரிவில் இறங்கினார். “தம்பி, ஓடை ரெண்டா பிரியுற இடத்துல அந்தச் செடிக்கு அடியில பாரு” என்றார். இளையவர் மண்டியிட்டுச் செடியின் தூரை விலக்கி மண்ணைக் கிளறினார். பாசி படிந்த சர்வே கல் கிடைத்தது. அடுத்த கல் மரம் இல்லாத வெட்டவெளியில் இருந்தது. அங்கே ரோவர் நொடியில் அளவு கொடுத்தது. “சார், இதை இப்பவே ஏத்திடுறேன், இனிமே யாரும் தேட வேண்டியதில்லை” என்றார் அவர். மூத்தவர் அந்தத் திரையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். எந்தப் பட்டனை எதற்கு அழுத்துகிறாய் என்று கேட்டுக்கொண்டார். யார் யாருக்குக் கற்றுக் கொடுத்தார் என்ற கேள்வியே அங்கே எழவில்லை, இரண்டு பேருக்கும் அந்தக் கல் வேண்டியிருந்தது.

மழைக்காலத்திலும் இதே கதைதான். நீலகிரியில் 2009 நவம்பர் மண்சரிவில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. 2009-இல் களத்தில் நின்ற வி.ஏ.ஓ.க்களும் கிராம உதவியாளர்களும் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஹட்டிக்கு (படுகர் கிராமத்துக்கு) போகும் பாதை முதலில் சரியும், எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் பெரியவர் இருக்கிறார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் படத்தோடும் இருப்பிடத்தோடும் தகவலை உடனே மேலே அனுப்பத் தெரிந்தவர் இளையவர். இரண்டு பேரும் ஒரே ஜீப்பில் போக வேண்டும்.

சரி, செலவு என்ன? நேரம்தான். காலிப் பணியிடங்களோடு ஓடும் அலுவலகத்தில் ஒரு கோப்புக்கு இரண்டு பேரா என்று தாசில்தார் கேட்பார், நியாயமான கேள்விதான். எல்லாக் கோப்புக்கும் இது வேண்டாம். வருமானச் சான்றிதழுக்கு எதற்கு ஜோடி? ஜன்மம் நிலம், எல்லைத் தகராறு, கோர்ட் கேஸ், பேரிடர் ஆகிய இவற்றுக்கு மட்டும் போதும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஜோடி என்ற பெயரில் மூத்தவரின் டைப்பிங் வேலையெல்லாம் இளையவர் தலையில் விழுந்துவிடும், அதிலும் இளையவர் பெண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம். “அம்மா, இதையும் கொஞ்சம் அடிச்சுக் கொடுத்துடும்மா” என்று ஆரம்பிப்பது அப்படியே வழக்கமாகிவிடும். அதனால் குறிப்பில் இரண்டு பேர் பெயரும் வர வேண்டும், யார் என்ன செய்தார் என்பதும் வர வேண்டும். மூத்தவர் தானே திரையில் ஒப்புதல் கொடுக்கப் பழக வேண்டும். இளையவர் தானே ரெக்கார்டு ரூமுக்குள் போய்த் தூசியில் கோப்பு தேட வேண்டும்.

மலைக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. இங்கே வேலைக்கு வரும் இளையவர்களில் பலர் கீழ் மாவட்டத்துக்காரர்கள். குளிரும் வீட்டு வாடகையும் ஊர் நினைப்பும் சேர்ந்து, மாறுதல் கிடைத்ததும் இறங்கிவிடுகிறார்கள். அதைத் தப்பு சொல்ல முடியாது. ஆனால் மூத்தவர் சொல்லிக் கொடுத்தது அவர்கள் கூடவே மலையிறங்கிவிடக் கூடாது. கற்றுக்கொண்டதை அந்த வாரமே கோப்பிலேயே ஒரு பக்கக் குறிப்பாக எழுதி வைக்கும் பழக்கம் இல்லாவிட்டால் ஜோடி முறையும் தோற்றுப்போகும்.

ஒரு அலுவலகம் இதை ஆரம்பிக்க நினைத்தால் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். அடுத்த இரண்டு வருடங்களில் யார் யார் எந்த மாதம் ஓய்வு பெறுகிறார்கள் என்பது பணிப்பதிவேட்டிலேயே இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்ன என்று அவர்களையே கேட்டு ஒரு தாளில் எழுத வேண்டும். முதலில் போகப் போகிறவரின் பக்கத்தில் இந்த மாதமே ஒரு நாற்காலி போட வேண்டும்.