கண்ணாடி கழுவும் வீட்டுத் தொழிலுக்கு அரை இன்ச் வாட்டர் மீட்டர்: எது வாங்கலாம், எங்கே மாட்டலாம்

வீட்டில் தண்ணீர் சுத்திகரித்து, டேங்கிலோ கேனிலோ ஏற்றிப் போய், ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, லாட்ஜ் கண்ணாடிகளைக் கழுவிக் கொடுக்கும் தொழிலை டெல்டா ஊர்களிலும் செய்யலாம். அதற்கு ஏற்ற தண்ணீர் மீட்டர் எது என்பதுதான் இந்த மதிப்பீடு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள 15 மி.மீ. மல்டிஜெட் (பல துளை வழியாகத் தண்ணீர் சக்கரத்தில் பாயும் வகை), கிளாஸ் பி (துல்லிய வகுப்பு), காந்த இணைப்புள்ள உலர் டயல் (எண் பகுதிக்குள் தண்ணீர் புகாதது) மீட்டர் வாங்குங்கள். தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ மிஷினுக்கு நேராக மாட்டாதீர்கள். அதற்கு முந்தைய தண்ணீர் பேரலை நிரப்பும் குழாயில் மாட்டுங்கள். கூடவே ஒரு டிடிஎஸ் பேனாவும் (ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது) வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் மீட்டர் மட்டும் இருந்தால் பாதிக் கணக்குதான் தெரியும்.

நம் பக்கத்தில் சொந்த மீட்டர் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்குத் தண்ணீர்க் கட்டணம் மாதத்துக்கு ஒரே தொகை. போர் தண்ணீருக்கு மோட்டார் கரண்டைத் தவிர வேறு பில் வராது. அதனால் எத்தனை லிட்டர் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. வீடாக இருந்தால் அது போதும். தொழிலுக்குப் போதாது. தண்ணீர் இலவசம் என்று நினைத்து ரேட் பேசினால் மெம்பரேனிலும் (ஆர்ஓவுக்குள் உப்பை வடிகட்டும் சவ்வு) ரெசினிலும் (ஆர்ஓ விட்ட மிச்ச உப்பை இழுக்கும் மணிகள்) கைக்காசு கரையும். இன்னொரு விஷயம்: நகராட்சி வீட்டு இணைப்பு குடும்ப உபயோகத்துக்காகக் கொடுத்தது. அதிலிருந்து தொழிலுக்கு எடுப்பதானால் வணிக இணைப்பாக மாற்ற வேண்டுமா என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. மின் இணைப்புக்கும் இதே கேள்வி உண்டு.

வாளி, அப்ளிகேட்டர், ரப்பர் வைப்பர் வைத்துத் தரைத்தளக் கடைக் கண்ணாடி மட்டும் துடைப்பவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. வைப்பர் தண்ணீரை முழுக்க வழித்து எடுத்துவிடுவதால் உப்பு கண்ணாடியில் தங்காது. குழாய்த் தண்ணீரே போதும். பத்து லிட்டர் வாளி ஒன்றில் பல கடை முகப்பு முடியும். மீட்டர் வேலை தொடங்குவது நீளக் கம்பத்தில் பிரஷ் மாட்டி, கம்பத்துக்குள் குழாய் விட்டு, மாடிக் கண்ணாடியைக் கீழே நின்றபடி கழுவும் முறைக்கு. அங்கே துடைப்பு கிடையாது, தண்ணீர் தானாகக் காய வேண்டும். அதில் என்ன கரைந்திருக்கிறதோ அது கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். டிடிஎஸ் 10-க்குக் கீழே வைத்துக்கொண்டால்தான் நம் வெயிலில் புள்ளி விழாமல் காயும்.

மீட்டருக்கு வருவோம். 15 மி.மீ. மீட்டரைக் கடையில் அரை இன்ச் மீட்டர் என்பார்கள். உடம்பில் இருக்கும் மரை முக்கால் இன்ச். கூட வரும் யூனியன் துண்டுதான் அரை இன்ச் பைப்புக்கு ஒத்துவரும். அந்தத் துண்டுகளும் ரப்பர் வாஷரும் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள். வீட்டு உபயோக மீட்டருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 779. இந்த அளவில் கிளாஸ் பி மீட்டரின் பெயரளவு ஓட்டம் மணிக்கு 1500 லிட்டர், அதிகபட்சம் 3000. மணிக்கு 120 லிட்டருக்கு மேல் ஓடினால் பிழை 2 சதவீதத்துக்குள் இருக்கும். 30-க்கும் 120-க்கும் இடையில் 5 சதவீதம் வரை போகலாம். 30-க்குக் கீழே போனால் மீட்டர் என்ன காட்டினாலும் அதை நம்ப முடியாது.

தவறு நடப்பது இந்த இடத்தில்தான். வீட்டு ஆர்ஓவில் போடும் 100 ஜிபிடி (நாளுக்கு 100 காலன்) மெம்பரேன் ஒரு நாளுக்கு 378 லிட்டர், அதாவது மணிக்குச் சுமார் 16 லிட்டர் நல்ல தண்ணீர் தரும். நல்ல தண்ணீர்க் குழாயில் மீட்டரை வைத்தால் அது குறைத்துக் காட்டும், சில நேரம் முள் அசையவே அசையாது. ஆர்ஓ ஒரு பங்கு நல்ல தண்ணீர் தந்து மூன்று பங்கை வெளியே தள்ளும் என்பதால், உள்ளே போகும் பக்கத்தில் வைத்தாலும் மணிக்கு 60, 65 லிட்டர்தான்; அது 5 சதவீதப் பிழைப் பகுதி. மேல் டேங்க் மிதவை வால்வும் இதே சங்கடத்தைத் தரும். டேங்க் நிரம்பும் தறுவாயில் வால்வு மெதுவாக மூடிச் சொட்டுச் சொட்டாக விடும், அந்தச் சொட்டு கணக்கில் ஏறாது. வழி சுலபமானது. 200 லிட்டர் பிளாஸ்டிக் பேரல் ஒன்று வையுங்கள். அதை நிரப்பும் குழாயில் மீட்டரை மாட்டி, வால்வை முழுசாகத் திறந்து நிரப்பி, முழுசாக மூடுங்கள். ஆர்ஓ பேரலிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். மீட்டர் வழியாக மணிக்கு 600 லிட்டருக்கு மேல் பாயும், ரீடிங்கும் சரியாக வரும்.

நல்ல தண்ணீர்ப் பக்கம் பித்தளை மீட்டர் வேண்டவே வேண்டாம். உப்பு நீங்கிய தண்ணீர் உலோகத்தைக் கரைத்து எடுக்கும். மீட்டரும் அரிக்கும், ரெசின் தாண்டி 0 காட்டிய தண்ணீரின் டிடிஎஸ்ஸும் மறுபடி ஏறும். அந்தப் பக்கம் அளக்க, சுவர் ஓரம் லிட்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் டேங்கே போதும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. உடம்பில் இருக்கும் அம்புக்குறி ஓட்டத்தின் திசையில் இருக்க வேண்டும். டயல் வானத்தைப் பார்க்க வேண்டும். சாய்த்து மாட்டினால் உள்ளே சக்கரம் உரசிச் சிறு ஓட்டத்தை விட்டுவிடும். மீட்டர் வழியில் பைப் எப்போதும் நிரம்பி இருக்கும்படி, வெளிவாயை மீட்டரைவிடச் சற்று உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். மீட்டரை மாட்டும் முன் பைப்பைத் திறந்து ஒரு பேரல் தண்ணீரை ஓட விடுவது கட்டாயம். பி.வி.சி. அறுத்த தூள், டெஃப்லான் டேப் துணுக்கு, கெட்டிப்பட்ட சொல்யூஷன் எல்லாம் நேராக வடிகட்டி வலையில் போய் அடையும். புது மீட்டர் முதல் வாரத்திலேயே மந்தமாவதற்கு இந்தக் குப்பைதான் பெரும்பாலும் காரணம். பிளம்பர் அவசரப்பட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நகராட்சிக் குழாய் உள்ளே வரும் இடத்தில் மாட்டினால் வேறொரு தொல்லை. சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊரில், திறந்தவுடன் முதலில் வருவது காற்று. காற்றிலும் மீட்டர் சுற்றும், தண்ணீரைவிட வேகமாகவே சுற்றும். சம்ப்புக்குப் பிறகு மாட்டினால் இந்தப் பொய்க் கணக்கு வராது.

மேல் டேங்கிலிருந்து தாழ்வாக இறங்கும் குழாயில் அழுத்தம் குறைவு என்பதையும் கணக்கில் வையுங்கள். அதிகபட்ச ஓட்டத்தில் 15 மி.மீ. மீட்டர் 10 மீட்டர் உயரத்துக்கான அழுத்தத்தை விழுங்கலாம். பாதி ஓட்டத்தில் அது கால் பங்காகி 2.5 மீட்டர் ஆகும். ஒரு மாடி உயர டேங்க் என்றால் பேரல் நிரம்பக் கால் மணி நேரம் ஆகும், பரவாயில்லை. வண்டி டேங்கை 500 லிட்டர் நேரடியாக நிரப்ப நினைப்பவர்கள் 20 அல்லது 25 மி.மீ. மீட்டர் எடுக்கலாம். ஆனால் அளவு கூடினால் சிறு ஓட்டத்தைப் பார்க்கும் திறன் குறையும்.

உலர் டயல் என்று வலியுறுத்தக் காரணம் இரும்பு கலந்த போர் தண்ணீர். ஈர டயல் மீட்டரில் கண்ணாடிக்குள் செம்பழுப்புப் படலம் ஏறி எண் தெரியாமல் போகும். உலர் டயலில் எண் பகுதி மூடி இருக்கும். துருத் துகள் உள் காந்தத்தில் ஒட்டும் குறை இதிலும் உண்டு. இரும்பு அதிகமுள்ள போரானால் மீட்டருக்கு முன் தனி வடிகட்டி போட்டு மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் எலக்ட்ரானிக் ஃப்ளோ சென்சாரும் பலர் கேட்பதுதான். பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே சின்னச் சக்கரம், அது சுற்றச் சுற்றத் துடிப்பு எண்ணும். அதிகம் விற்கும் வகையின் அளவு நிமிடத்துக்கு 1 முதல் 30 லிட்டர், லிட்டருக்கு ஏறக்குறைய 450 துடிப்பு, பிழை 10 சதவீதம் வரை. பிளாஸ்டிக் என்பதால் நல்ல தண்ணீர்ப் பக்கம் வைக்கலாம், கம்பத்துக்குப் போகும் ஓட்டத்தையும் பார்க்கலாம். ஆனால் கம்பத்தில் ஓட்டம் நிமிடத்துக்கு 1.5 முதல் 2 லிட்டர்தான், சென்சாரின் கீழ் எல்லைக்குப் பக்கம். அதே ஓட்டத்தில் 20 கிலோ தண்ணீரைத் தராசில் பிடித்து எத்தனை துடிப்பு வருகிறது என்று நீங்களே திருத்திக்கொண்டால் பயன்படும். மீட்டருக்கு மாற்றாக அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

இனி உப்புக் கணக்கு. செலவு ஒளிந்திருப்பது இதில்தான். டிஐ மிக்ஸ்டு பெட் (உப்பை முழுசாக நீக்கும் கலவை) ரெசின் ஒரு லிட்டர் சுமார் 20 கிராம் உப்பை இழுக்கும் என்று பாதுகாப்பாக வைத்துக்கொள்ளலாம். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் 800 டிடிஎஸ் உள்ள போர் தண்ணீரை நேரடியாக ரெசினில் விட்டால் 1000 லிட்டருக்கு 800 கிராம் உப்பு, 40 லிட்டர் ரெசின் காலி. முன்னால் ஆர்ஓ வைத்து 95 சதவீதம் நீக்கினால் வெளியே 40 டிடிஎஸ், 40 கிராம் உப்பு, 2 லிட்டர் ரெசின் போதும். மெம்பரேன் கிழடாகி 85 சதவீதத்துக்கு இறங்கினால் 120 டிடிஎஸ், 6 லிட்டர் ரெசின். லிட்டர் 250 ரூபாய் என்று வைத்துப் பார்த்தால் 500 ரூபாய் ஆன இடத்தில் 1500 ரூபாய். மீட்டர் இதைக் காட்டாது, டிடிஎஸ் பேனாதான் காட்டும். ஆர்ஓவுக்கு முன், பின், ரெசினுக்குப் பின் என்று மூன்று இடத்தில் வாரம் ஒருமுறை அளந்து மீட்டர் ரீடிங்குக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பேனாவில் வெப்பநிலைத் திருத்தம் இருக்க வேண்டும். இரண்டு பேனா ஒரே தண்ணீரில் வேறு வேறு எண் காட்டினால் பதறவேண்டாம். மின்கடத்தலை டிடிஎஸ்ஸாக மாற்றும் பெருக்கம் சிலவற்றில் 0.5, சிலவற்றில் 0.7. எப்போதும் ஒரே பேனாவால் அளங்கள்.

கொள்ளிடத்துத் தண்ணீர் வரும் தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களில் நிலைமை இலகு. 250 டிடிஎஸ் என்றால் ஆர்ஓவுக்குப் பின் 12, 13 வரும், ஆயிரம் லிட்டருக்கு முக்கால் லிட்டர் ரெசின்கூட ஆகாது. ஒரே வேலைக்குக் கும்பகோணத்துக்காரரும் வேளாங்கண்ணிக்காரரும் ஒரே ரேட் பேசக் கூடாது.

வேளாங்கண்ணி லாட்ஜ் ஒன்றின் முகப்பைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆகஸ்ட் 29-இல் கொடியேறும் திருவிழாவுக்கு முந்தைய வாரங்களில் இந்த வேலை குவியும். கம்பம் நிமிடத்துக்கு 2 லிட்டர், ஒரு மணி நேரம் ஓடினால் 120 லிட்டர். ஆர்ஓ ஒரு பங்கு தந்து மூன்று பங்கை வெளியே தள்ளுவதால் மீட்டரில் ஏற வேண்டியது 480 லிட்டர். 40 டிடிஎஸ்ஸில் 4.8 கிராம் உப்பு, கால் லிட்டர் ரெசின், 60 ரூபாய். மோட்டாருக்கும் ஆர்ஓ பம்ப்புக்கும் சேர்த்துக் கரண்ட் அரை யூனிட் அளவில் முடியும். லாரித் தண்ணீர் வாங்குபவர் 120 லிட்டருக்கு அல்ல, 480 லிட்டருக்கு விலை போட வேண்டும். இதை மறப்பவர்களே அதிகம். 120 லிட்டர் சேர ஏழரை மணி நேரம் ஆகும், ஆகவே முந்தின இரவே ஓடவிட வேண்டும். கடற்காற்றின் உப்புப் படலம் இருக்கும் கண்ணாடிக்கு முதல் அலசல் தனியாகத் தேவை. அதற்கும் நல்ல தண்ணீரைச் செலவழிக்காமல் சாதாரணத் தண்ணீரில் ஓட்டிவிட்டு, காய்வதற்குள் நல்ல தண்ணீரில் முடிக்கலாம்.

மீட்டரில் 480-க்குப் பதில் 600 ஏறினால்? வெளியேறும் குழாயில் இருக்கும் ஓட்டக் கட்டுப்பாட்டான் பெரிதாகப் போட்டிருக்கலாம், அல்லது மிஷின் நின்ற பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கலாம். மிஷின் நின்றதும் தண்ணீரை அடைக்கும் சொலினாய்டு வால்வில் குப்பை சிக்கினால் இப்படி ஆகும். வெளியேறும் தண்ணீரைக் கேனில் பிடித்து ஒரு நிமிடம் அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

வெளியேறும் தண்ணீர் 800-இலிருந்து ஏறக்குறைய 1050 டிடிஎஸ் ஆகியிருக்கும். வண்டி கழுவ, ஜன்னல் சட்டம் அலச, வாசல் தெளிக்கத் தாராளமாகப் போதும். கொல்லையில் தென்னை தாங்கும். வாழைக்கு விடாதீர்கள், இலை ஓரம் கருகும்.

நெல்லுக்கு மருந்தடித்த பேட்டரி ஸ்பிரேயரை இந்த வேலைக்குத் தண்ணீர் தள்ள எடுக்க வேண்டாம். களைக்கொல்லி மிச்சம் டேங்கிலும் குழாயிலும் ஊறி இருக்கும், எத்தனை கழுவினாலும் முழுசாகப் போகாது. புது 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப் தனியாகவே கிடைக்கிறது.

மீட்டரைச் சரிபார்க்க, 100 கிலோ தண்ணீரைத் தராசில் பிடியுங்கள். கேனில் 20 லிட்டர் என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம், வாய்வரை நிரப்பினால் கூடுதலாகப் பிடிக்கும். கறுப்பு எண் கிலோ லிட்டர், சிவப்பு முள் லிட்டரும் அதன் பின்னமும். ரீடிங் 98-க்கும் 102-க்கும் இடையில் இருந்தால் மீட்டர் சரி. எல்லா வால்வையும் மூடிய பிறகும் டயலில் இருக்கும் சின்ன நட்சத்திரச் சக்கரம் நகர்ந்தால் எங்கோ கசிகிறது. பேரல் வால்வின் வாஷரை முதலில் பாருங்கள். வாங்கியவுடன் ஒருமுறை, பிறகு மெம்பரேன் மாற்றும்போதெல்லாம் ஒருமுறை இந்தச் சோதனை போதும். பில்லையும் ஐ.எஸ்.ஐ. எண் தெரியும்படி எடுத்த படத்தையும் வைத்திருங்கள், வாரண்டி கேட்கும்போது இரண்டையும் கேட்பார்கள்.