தூண்டில் ராட் வாங்கப் போய் 6,850 ரூபாய் போனது: இணையத்தில் வாங்குகிறவர்கள் கவனியுங்கள்

எனக்குத் தூண்டில் ராட் விற்ற ஆள் நேற்று மாலை என் எண்ணைத் தடுத்துவிட்டான். ஒரு மாதம் இழுத்தடித்த பிறகு 6,850 ரூபாய்க்கு அவன் கொடுத்த பதில் அதுதான். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இன்னொருவர் பணத்தையாவது இது காப்பாற்றட்டும்.

அவன் பெயரை எழுதவில்லை. சமூக வலைதளத்தில் மீன்பிடி சாமான் விற்கும் ஒரு பக்கம். கடை எந்த ஊரில் என்று போடவில்லை. செல்பேசி எண் ஒன்று மட்டும் இருக்கும்.

என் அப்பா வாலாஜாபேட்டையில் பட்டுத்தறி நெய்தவர். தறி ஓடாத நாளில் அவரைத் தேட வேண்டுமென்றால் காவேரிப்பாக்கம் ஏரிக்கரைக்குத்தான் போக வேண்டும். கடைத் தூண்டிலை அவர் கையால் தொட்டதில்லை. கல்மூங்கிலில் பத்தடிக் கழியாகப் பார்த்து எடுத்து, நெருப்பில் காட்டி வளைவை நிமிர்த்தி, எண்ணெய் பூசி நிழலில் காயவைப்பார். பழைய ரப்பர் செருப்பை அறுத்துத் தக்கை செய்வார். தூண்டில் நரம்பை, தறியில் கழித்த தார்க்குச்சியில் (நூல் சுற்றும் குச்சி) சுற்றி வைத்திருப்பார். அறுந்த பட்டிழையை முடிந்து பழகிய விரல்கள் அவை, தூண்டில் முள்ளைக் கட்டும்போது முடிச்சு எப்படி விழுந்தது என்று நமக்குத் தெரியவே தெரியாது.

கழித் தூண்டிலில் ஒரு சிரமம் உண்டு. நரம்பு ஏறக்குறைய கழியின் நீளம்தான், ஆகவே தண்ணீரை ஒட்டி நிற்க வேண்டும். இரண்டு ஆண்டுகளாக அப்பாவுக்கு முழங்கால் வலி. கரையின் கல்லடுக்கில் இறங்க முடியவில்லை. ரீல் (நரம்பைச் சுற்றும் உருளை) வைத்த ராட் இருந்தால் கரைமேல் உட்கார்ந்தபடியே இருபது முப்பது மீட்டர் வீசலாமே என்று, பொங்கலுக்கு வாங்கித் தர முடிவு செய்தேன். ஏழடி ராட், பெரிய ரீல், நூறு மீட்டர் நரம்பு, முட்கள் எல்லாம் சேர்த்து 6,850 ரூபாய் என்று விளம்பரம் இருந்தது.

நான் ஏமாந்த இடம் விளம்பரம் அல்ல, தொலைபேசிப் பேச்சு. எந்த ஏரி, என்ன மீன் என்று கேட்டான். ஜிலேபி, கெண்டை, எப்போதாவது விரால் என்றேன். விராலுக்குத் தவளை கோப்பீர்களா என்று தொழில் தெரிந்தவனாகவே பேசினான். அப்பாவுக்கு என்று சொன்னதும் குரல் இன்னும் இளகியது. “அப்படியானால் எடை குறைந்ததை அனுப்புகிறேன் அண்ணா, பெரியவருக்கு மணிக்கட்டு வலிக்கக் கூடாது” என்றான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். பொருள் வந்ததும் பணம் தருகிறேன் என்றதற்கு, கூரியரில் அந்த வசதி இல்லை, முழுப் பணமும் வந்தால் இன்றே கட்டிவிடுவேன் என்றான். அடுத்த இரண்டு நிமிடத்தில் யுபிஐ மூலம் 6,850 ரூபாய் அனுப்பினேன்.

போகிக்கு முந்தின நாள் பெட்டி வந்தது. ஒன்றரை முழம் நீளப் பெட்டி. அப்பா ராடை வெளியே எடுத்தார். அடிக்கட்டையைத் திருகிப் பார்த்தார், நுனியை இழுத்துப் பார்த்தார், பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். மீதித் துண்டு எங்கே என்று தேடுகிறார்! மீதி என்று எதுவும் இல்லை. டேப் வைத்து அளந்தேன், 26 அங்குலம். ரீல் எலுமிச்சம்பழம் அளவு. பெட்டியின் மேல், வெள்ளைத் தரையில் தடித்த கோட்டுப் போட்ட ஒருவர் ஒரு துளையின் முன்னால் உட்கார்ந்திருக்கும் படம்.

கனடாவில் ஒன்டாரியோவில் வேலை பார்க்கும் அக்கா மகனுக்குப் படம் அனுப்பினேன். “மாமா, இது ஐஸ் மீன்பிடிப்புக்கான ராட்” என்றான். அங்கே ஏரி உறைந்ததும் மேலே துளை போட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து நரம்பை நேராகக் கீழே இறக்குவார்களாம். வீசும் வேலையே இல்லாததால் ராட் இரண்டு மூன்றடி போதும். குளிரில் மீன் லேசாகத்தான் கடிக்கும் என்பதால், அது தெரிய நுனியை மெலிதாகச் செய்வார்கள். அங்கேயும் அப்பாவைப்போல் கையாலேயே கருவி செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றான். பலகைத்துண்டில் ஒரு சுருள்வில்லும் சிவப்புத் துணியும் பொருத்தித் துளைமேல் வைத்துவிடுவார்களாம், மீன் இழுத்தால் கொடி நிமிரும். ஆனால் இந்த 2024 குளிர்காலத்தில் அவன் ஒருமுறைகூட ஏரிமேல் கால் வைக்கவில்லை. ஆள் நடக்கக் கெட்டியான ஐஸ் குறைந்தது நான்கு அங்குலம் வேண்டும். மிதமான குளிரில் அங்குள்ள சிம்கோ ஏரி சரியாகவே உறையவில்லையாம். ஐஸ் உள்ள நாட்டிலேயே இந்த ஆண்டு மூலையில் கிடக்கும் பொருளை, ஏழடி என்று பொய் சொல்லி வட ஆற்காட்டு வெயிலுக்கு விற்றிருக்கிறான்!

அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இருக்கட்டும்டா, வீசிப் பார்க்கலாம்” என்று பொங்கல் கழித்து ஏரிக்கு எடுத்துப்போனார். ஈயக்குண்டைக் கட்டி ஒரே ஒரு முறை வீசினார். நுனியிலிருந்து நரம்பு ஓடும் இரண்டாவது வளையத்தில் பட்டென்று ஒடிந்தது. உடைந்த துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் வந்தார். 6,850 ரூபாயைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விற்றவனைக் கேட்டால் முதலில், கிடங்கில் தவறு நடந்துவிட்டது, மூன்று நாளில் மாற்றித் தருகிறேன் என்றான். பிறகு பொங்கல் விடுமுறை. பிறகு பெட்டியைப் பிரித்த வீடியோ கேட்டான். வீடியோ எடுக்க வேண்டும் என்று விற்கும்போது ஏன் சொல்லவில்லை என்றேன். பதில் இல்லை. நான்கு நாள் கழித்து, ராட் கேட்டீர்கள், ராட் வந்திருக்கிறது என்றான். ஒடிந்ததை நானே உண்மையாகச் சொன்னதும், உடைந்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று அதையே பிடித்துக்கொண்டான். அவன் பக்கத்தில் நான் எழுதிய கருத்து பத்து நிமிடத்தில் காணாமல் போனது. “அண்ணா” என்று கூப்பிட்டவன், கடைசியில் “உங்களால் முடிந்ததைச் செய்துகொள்ளுங்கள்” என்றான்.

விரிவாக அறிவுரை எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. முழுப் பணத்தை முன்னால் அனுப்பாதீர்கள். ராடின் நீளத்தை அளவுகோல் வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விளம்பரத்தைப் படமெடுத்து வையுங்கள், பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ஏமாந்தது தெரிந்த அன்றே 1930 எண்ணில் இணையக் குற்றப் பிரிவுக்குச் சொல்லுங்கள், என்னைப்போல் ஒரு மாதம் காத்திருக்காதீர்கள். நுகர்வோர் உதவிக்கு 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. நான் கொடுக்கப் போகிறேன்.

அந்த விளம்பரம் இன்று காலையும் ஓடுகிறது, அதே ஏழடி, அதே 6,850 ரூபாய். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் வேறு யாருக்காவது இந்தக் குட்டை ராட் வந்திருந்தால் பணம் செலுத்திய ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.