மீட்டியோர்ல இருந்து ஹிமாலயனுக்கு மாறலாமா? சிசிய விடுங்க, ரோட்ட பாருங்க

க்ரூஸர் வச்சிருக்கவங்க அடுத்து ஹிமாலயன் மாதிரி அட்வென்ச்சர் பைக் எடுக்கலாமான்னு யோசிக்கும்போது பேச்சு பவர்லதான் ஆரம்பிக்குது. ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350ல 20 பிஎச்பி, ஹிமாலயன் 450ல கிட்டத்தட்ட 40, அப்ப டபுள் ஆச்சு, எடுத்துரலாம்னு முடிச்சிடறாங்க. மீட்டியோர் ஓட்டிட்டு இப்ப ஹிமாலயன் ஓட்டறவன்ங்கற முறையில சொல்றேன், மாறுறதுக்கு உருப்படியான காரணம் பவர் இல்ல, மண்ணுல ஜம்ப் பண்றதும் இல்ல. சஸ்பென்ஷன்தான். அதுவும் ஆஃப்ரோடு போறதுக்காக இல்ல, நம்ம ஊரு தார் ரோட்டுக்காக.

நேஷனல் ஹைவேய விட்டு இறங்கி ஊருக்குள்ள போற ரோட்ட நினைச்சுப் பாருங்க. புளியமர நிழல்ல பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர் ஒண்ணு இருக்கும், கிட்ட வந்தப்புறம்தான் கண்ணுக்கே தெரியும். மீட்டியோர்ல ஃபுட்பெக் முன்னாடி தள்ளி இருக்கு, கால் இடுப்புக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கறதால டக்குன்னு எழுந்திரிக்க முடியாது, ஹேண்டில புடிச்சு இழுத்துத்தான் எழணும், அதுக்குள்ள பின் வீல் ஏறி அடி நேரா வால் எலும்புல இறங்கிடும். முன்னாடி ஃபோர்க் டிராவல், அதாவது அது அமுங்கற தூரம், 130 மிமீ, பின்னாடி ரெண்டு ஷாக், அது அதோட வேலைய ஒழுங்காத்தான் செய்யுது, ஆனா உடம்போட மொத்த வெயிட்டும் சீட் மேலயே இருக்கும்போது அதால எவ்ளோதான் வாங்க முடியும்.

ஹிமாலயன்ல முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் 200 மிமீ டிராவல். ஃபுட்பெக் இடுப்புக்கு நேர் கீழ இருக்கு, சீட்டுல இருந்து லேசா எழுந்தாலே போதும், அடிய முட்டி மடங்கி வாங்கிக்கும், முதுகுக்கு வராது. கிரவுண்ட் கிளியரன்ஸும் 170ல இருந்து 230 ஆகுது. மழை முடிஞ்ச கையோட ஜல்லி பேந்து கிடக்கற ரோட்டுல நாள் பூரா ஓட்டிட்டு வந்து இறங்கும்போது இடுப்பு நிமிருதா இல்லையாங்கறதுதான் இந்த ரெண்டு வண்டிக்கும் உள்ள உண்மையான வித்தியாசம். முதுகு வலி இருக்கறவங்க இந்த ஒரு காரணத்துக்காகவே மாறலாம், அதுல எனக்கு சந்தேகமே கிடையாது.

இப்ப பயப்பட வேண்டிய விஷயத்துக்கு வருவோம், சீட் ஹைட். மீட்டியோர் 765 மிமீ, ரெண்டு பாதமும் முழுசா தரையில பதியும். ஹிமாலயன் 825, ஏத்தி வச்சா 845. பேப்பர்ல வெயிட்ட பாத்தா 191 கிலோவும் 196 கிலோவும், அஞ்சு கிலோதானேன்னு தோணும். ஆனா அந்த வெயிட் எங்க உக்காந்திருக்குன்னு பாக்கணும். ஹிமாலயன் டேங்க் 17 லிட்டர், ஃபுல் டேங்க் போட்டா பெட்ரோல் மட்டுமே 12, 13 கிலோ வரும், அதுவும் முட்டிக்கு மேல நிக்குது. ஓடும்போது ஒண்ணும் தெரியாது. சரிவான ரோட்டுல யூ டர்ன் போடும்போது, பெட்ரோல் பங்க்ல கால் ஊனற பக்கம் பள்ளமா இருக்கும்போதுதான் தெரியும், ஒரு தடவ சாய ஆரம்பிச்சா மீட்டியோர் மாதிரி தொடையால முட்டு குடுத்து நிறுத்திட முடியாது.

அஞ்சரை அடி உயரம் இருக்கறவங்களும் இத தாராளமா ஓட்டலாம், பழக்கம் மட்டும் மாறணும். நிக்கறதுக்கு முன்னாடியே கால் எங்க விழப்போகுதுன்னு பாத்துக்கங்க, சீட்டுல லேசா இடது பக்கம் நகர்ந்து இடது கால முழுசா ஊனுங்க, வலது கால் பிரேக்லயே இருக்கட்டும். சீட் மேலயே இருந்துக்கிட்டு கால தள்ளித் தள்ளி வண்டிய ரிவர்ஸ் எடுக்கற க்ரூஸர் பழக்கத்த விட்டுருங்க, இறங்கித் தள்ளறது சேஃப். 805 மிமீக்கு லோ சீட்டும் கிடைக்குது, ஆனா அதுல குஷன் குறையும், அதனால முதல்ல ஸ்டாண்டர்டு சீட்டுலயே கொஞ்ச நாள் பழகிப் பாருங்கன்னுதான் சொல்லுவேன்.

இஞ்சின் விஷயத்துல க்ரூஸர் ஆளுங்களுக்கு முதல் வாரம் ஒரு ஏமாத்தம் இருக்கும். மீட்டியோர்ல 27 என்எம் டார்க், அதாவது இழுவை, 4000 ஆர்பிஎம்லயே வந்துரும், மூணாவது கியர்ல போட்டுட்டு ஆட்டோ பின்னாடி டுபுடுபுன்னு ஊர்ந்துட்டே போகலாம். ஹிமாலயன்ல 40 என்எம் இருக்கு, ஆனா அது 5500ல. 3000க்கு கீழ அதே மாதிரி ஊர்ந்து போகவிட்டீங்கன்னா வண்டி திணறும், கியர் குறைச்சே ஆகணும், என்னடா டபுள் பவர்னு சொன்னாங்களேன்னு தோணும். வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவுலயும் இதே கததான், மீட்டியோர சோம்பேறித்தனமா இழுத்துட்டுப் போகலாம், ஹிமாலயன்ல கியர் கரெக்ட்டா இருக்கணும், ஆனா 4000 தாண்டிட்டா வளைவுல இருந்து வெளிய வரும்போது எழும்பற வேகமே வேற, முன்னாடி போற பஸ்ஸ ஓவர்டேக் பண்ண நேரான ரோடு கொஞ்சமா கிடைச்சாலே போதும். சிட்டி டிராஃபிக்ல ரேடியேட்டர் ஃபேன் ஓடி சூடு காலுக்கு வரும், சென்னை மே மாச வெயில்ல இது சின்ன விஷயம் இல்ல, ஆபீஸ் போயிட்டு வர்றது மட்டும்தான் உங்க ஓட்டம்னா மீட்டியோர்தான் சுகம்.

பிரேக் புடிக்கும்போது நீளமான ஃபோர்க்ங்கறதால முன்னாடி நல்லா அமுங்கும், அது கோளாறு இல்ல, லீவர டபக்குன்னு புடிக்காம அமுத்தி அமுத்திப் புடிச்சா சரியாயிடும். 21 இன்ச் முன் வீல் வளைவுல கொஞ்சம் மெதுவாத்தான் திரும்பும், ஆனா பள்ளத்துல விழாம உருண்டு ஏறிடும். பின் வீல் லாக் ஆகாம தடுக்கற ஏபிஎஸ்ஸ ஆஃப் பண்ற வசதி மண்ணுக்கு மட்டும்தான், தார் ரோட்டுல கை வைக்காதீங்க.

பின்னாடி உக்கார்றவங்கள கேக்காம முடிவு எடுக்காதீங்க. எங்க அம்மா புடவை கட்டிக்கிட்டு ஒரு பக்கமா உக்காந்து வர்றவங்க, மீட்டியோர்ல ஏறி உக்கார்றது அவங்களுக்கு சாதாரணம். ஹிமாலயன்ல பில்லியன் ஃபுட்பெக்ல கால வச்சு, என் தோள புடிச்சுக்கிட்டு ஏறணும், நான் ரெண்டு கையாலயும் வண்டிய நிமித்திப் புடிச்சிருக்கணும், ஏறி முடிக்கறவரைக்கும் ரெண்டு பேருக்கும் பக்குபக்குங்குது. உக்காந்துட்டா குலுக்கல் கம்மின்னு அவங்களே சொல்றாங்க, இருந்தாலும் வீட்டுல பெரியவங்கதான் அதிகமா பின்னாடி வருவாங்கன்னா க்ரூஸர விக்காதீங்க. சைட் பாக்ஸ் மாட்டிட்டா இன்னும் கஷ்டம்.

டயர் பத்தி ஒரு விஷயம். மீட்டியோர்ல பெரும்பாலும் அலாய் வீல், ட்யூப்லெஸ், ஆணி குத்தினா பக்கத்து கடை வரைக்கும் ஓட்டிட்டுப் போயிடலாம். ஹிமாலயன் 450 2023 நவம்பர்ல வந்தப்ப ஸ்போக் வீல், ட்யூப் டயர்தான், ட்யூப்லெஸ் ஸ்போக் வீல் அதுக்கப்புறம்தான் ஆப்ஷனா வந்துச்சு. செகண்ட் ஹேண்ட் எடுக்கறவங்க இத கண்டிப்பா பாருங்க. ட்யூப் வண்டின்னா 21 இன்ச் ட்யூப் ஒண்ண கூடவே வச்சுக்கங்க, எல்லா பஞ்சர் கடையிலயும் அந்த சைஸ் இருக்காது.

காசு கணக்கு 2025 செப்டம்பர் 22க்கு அப்புறம் ரொம்ப மாறிப் போச்சு. 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமா இறங்குச்சு, அதுக்கு மேல இருக்கறதுக்கு செஸ்ஸோட சேர்த்து 31 இருந்தது 40 ஆச்சு. 349 சிசி மீட்டியோர் குறையற பக்கம், 452 சிசி ஹிமாலயன் ஏறுற பக்கம். ரெண்டுமே ஒரே கம்பெனி வண்டிதான், ஆனா நடுவுல அந்த வரி கோடு. அதனால ஷோரூம் விலைய பாக்காம இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ், ரைடிங் பூட்ஸ், கிராஷ் கார்டு எல்லாம் சேர்த்து ஆன்ரோடு கணக்கு போடுங்க.

இந்த வரியாலயே சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் இப்ப நல்லா யோசிக்க வேண்டிய வண்டி ஆயிடுச்சு. 249 சிசி, 26.5 பிஎஸ், அலாய் வீல், ட்யூப்லெஸ், 205 மிமீ கிளியரன்ஸ். சீட் 835ன்னு உசரம்தான், ஆனா வெயிட் 167 கிலோ, மீட்டியோர விட 24 கிலோ கம்மி, தள்ளும்போதே தெரியும். ஊர் ரோட்டுப் பள்ளம்தான் உங்க பிரச்சனை, லடாக் எல்லாம் பிளான்ல இல்லன்னா இது போதும்ங்கறது என் அபிப்ராயம். டேங்க் 12 லிட்டர்தான்ங்கறத மட்டும் லாங் போறவங்க கவனிங்க. கேடிஎம் 390 அட்வென்ச்சர் வேகமா ஓட்ட ஆசைப்படறவங்க வண்டி, க்ரூஸர்ல நிதானமா போய்ப் பழகினவங்களுக்கு அது பெரிய தாவல்.

டெஸ்ட் ரைடு போகும்போது ஷோரூம்காரங்க காட்டற நல்ல ரோட்டுல மட்டும் ஓட்டிட்டு வராதீங்க. பின்னாடி யாரு வழக்கமா உக்காருவாங்களோ அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, பக்கத்துல இருக்கறதுலயே மோசமான தெருவுல ரெண்டாவது கியர்ல ஒரு ரவுண்டு, சந்துக்குள்ள ஒரு யூ டர்ன், அப்புறம் இஞ்சின ஆஃப் பண்ணிட்டு வண்டிய தள்ளி பார்க் பண்ணிப் பாருங்க.