பயர்பாக்ஸின் அப்டேட் செட்டிங்ஸ்: ஒரு மதிப்பீடு

ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து தருவது என் தொழில். வேலை நேரம் முழுக்க பிரவுசர் திறந்தே இருக்கும். ஒரு டேபில் ஒலி ஓடும், இன்னொன்றில் தட்டிக்கொண்டிருப்பேன். பாதி வாக்கியத்தில் ‘ரீஸ்டார்ட் செய்யவா?’ என்று எதுவும் குறுக்கே வரக் கூடாது. அதற்காக அப்டேட்டையே நிறுத்திவைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சமாளிப்பதில் பயர்பாக்ஸ்தான் எனக்குப் பிடித்த பிரவுசர்.

செட்டிங்ஸில் ‘ஜெனரல்’ பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போனால் ‘பயர்பாக்ஸ் அப்டேட்ஸ்’ வரும். இரண்டு வழிகள் உண்டு. தானாக நிறுவிக்கொள்ளச் சொல்லலாம். அல்லது புதுப் பதிப்பு வந்திருப்பதை மட்டும் தெரிவித்துவிட்டு, நிறுவும் முடிவை நம்மிடம் விடச் சொல்லலாம். ‘தேடவே வேண்டாம்’ என்று மூன்றாவது ஒன்றும் முன்பு இருந்தது. 2018இல் வந்த 63ஆம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். இன்னும் அதைக் கேட்டு ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்தது சரி என்பதே என் கட்சி.

காரணம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் ‘வெப்பி’ (WebP) வகைப் படங்களைப் பிரித்துக் காட்டும் நிரலில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. விஷமத்தனமாகச் செய்த ஒரு படம் பக்கத்தில் இருந்தாலே போதும், கணினிக்கு ஆபத்து. குரோம் 11ஆம் தேதி திருத்தம் வெளியிட்டது, பயர்பாக்ஸ் மறுநாள் 117.0.1 பதிப்பைத் தந்தது. 2024 அக்டோபரில் பயர்பாக்ஸிலேயே இன்னொரு ஓட்டை. ஏற்கெனவே அதைப் பயன்படுத்தித் தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. தகவல் கிடைத்த சுமார் ஒரு நாளில் 131.0.2 வந்துவிட்டது. அவ்வளவு வேகமாகத் திருத்தித் தந்தும், ‘தேடவே வேண்டாம்’ என்று சொல்லிவைத்தவருக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

நான் வைத்திருப்பது தானியங்கி வழி. புதுப் பதிப்பு பின்னணியில் இறங்கித் தயாராகிவிடும், அடுத்த முறை பிரவுசரைத் திறக்கும்போது மாறிக்கொள்ளும். நாம் மூடாமலே வைத்திருந்தால் மெனு பட்டனில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி. வேலை முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுப்பேன், திறந்திருந்த டேப்கள் திரும்ப வந்துவிடும். பிரைவேட் விண்டோவில் இருந்தவை மட்டும் வராது, அதை முதலில் மூடி முடித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் இன்னொரு வசதி உண்டு, அதுதான் எனக்கு மிகவும் உயர்வாகப் படுகிறது. பயர்பாக்ஸ் ஓடாத நேரத்திலும் அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். 2021இல் 90ஆம் பதிப்போடு வந்தது. என் அப்பா பிரவுசரைத் திறப்பதே எப்போதாவதுதான். அப்படித் திறக்கும்போது பல மாதப் பழைய பதிப்பு முன்னால் நிற்பதில்லை. அம்மாவுக்கு அதே கணினியில் தனிக் கணக்கு இருக்கிறது. அப்டேட் தேர்வு கணக்குக்குக் கணக்கு வேறுபடாது, அந்த பயர்பாக்ஸைப் பயன்படுத்தும் எல்லாருக்கும் ஒன்றே. ஒருவர் மாற்றினால் மற்றவருக்கும் மாறும் என்பதை வீட்டில் சொல்லிவைப்பது நல்லது.

லினக்ஸில் முன்பு கதை வேறாக இருந்தது. பிரவுசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிஸ்டத்தின் பேக்கேஜ் அப்டேட் (சிஸ்டமே மென்பொருள்களைப் புதுப்பிப்பது) அடியில் உள்ள கோப்புகளை மாற்றிவிட்டால், புது டேப் திறக்கும்போது ரீஸ்டார்ட் கேட்கும் பக்கம் வந்து நின்றது. தொடர்ந்து வேலை செய்ய விடவில்லை. பேக்கேஜ் அப்டேட்டை வேலை முடிந்தபின் ஓடவிடுவதுதான் வழியாக இருந்தது. 2025இல் வந்த 141ஆம் பதிப்பிலிருந்து அப்படிக் கட்டாயமாக ரீஸ்டார்ட் கேட்பதில்லை.

பட்டன்களின் இடம் அடிக்கடி மாறுவது பிடிக்காதவர்கள் அப்டேட்டை முடக்க வழி தேடாமல் ஈஎஸ்ஆர் (ESR) எனும் நீண்ட கால ஆதரவுப் பதிப்புக்குப் போகலாம். பெரிய மாற்றங்கள் சுமார் ஆண்டுக்கொரு முறை, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். ஒரு எச்சரிக்கை: புதிய பதிப்பில் பயன்படுத்திய புரொஃபைலை (புக்மார்க், பாஸ்வேர்டு, செட்டிங்ஸ் எல்லாம் அடங்கிய தொகுப்பு) பழைய பதிப்பு திறக்காது, புதிதாக ஒன்றை உருவாக்கச் சொல்லும். 2019 முதல் இப்படித்தான். மாறுவதற்கு முன்னால் புக்மார்க்கையும் பாஸ்வேர்டையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

‘பழைய பதிப்பே நன்றாக ஓடுகிறதே, எதற்குத் தொட வேண்டும்?’ என்று கேட்பவர்களுக்கு 2025 மார்ச் 14ஐ நினைவுபடுத்துவேன். ஆட்-ஆன்கள் (பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதிகள்) போன்றவை நம்பகமானவையா என்று பயர்பாக்ஸ் சரிபார்க்க உதவும் ஒரு மூலச் சான்றிதழ் அன்று காலாவதியானது. 128க்கு முந்தைய பதிப்புகளில், ஈஎஸ்ஆர் என்றால் 115.13க்கு முந்தையவற்றில், ஆட்-ஆன்கள் வேலை செய்யாமல் போகும் என்று பயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா முன்கூட்டியே அறிவித்திருந்தது. யாரும் எதையும் தொடாமலே நடக்கும் பழுது அது.

குரோமில் இந்தத் தேர்வு செட்டிங்ஸ் பக்கத்தில் கிடையாது. தானாகவே நடக்கும், நமக்கு மிஞ்சுவது ரீஸ்டார்ட் செய்யும் நேரம் மட்டும். எதையும் யோசிக்க விரும்பாதவருக்கு அது போதும். எனக்குப் போதாது. பயர்பாக்ஸுக்கு ஐந்துக்கு நான்கு தருகிறேன். ‘இத்தனை மணிக்குப் பிறகு நினைவூட்டு’ என்று நேரம் குறிக்கும் ஒரு கட்டமும் அதே பக்கத்தில் வந்தால் ஐந்தையும் தருவேன்.