செங்காங் எல்ஆர்டியும் சூமோவும்: நீண்ட நாள் பயன்படுத்தியதில் தெரிந்தது

சிங்கப்பூரின் பொங்கோலில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "எல்ஆர்டி நெரிசலை சூமோவில் ஓட்டிப் பார்க்கிறீர்களே, நானும் கற்றுக்கொள்ளலாமா?" எல்ஆர்டி என்பது குடியிருப்பு வட்டாரங்களைச் சுற்றி ஓடும் சிறிய இலகு ரயில், சூமோ என்பது போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள். வாட்ஸ்அப்பில் பதில் நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

சூமோவைப் பற்றிய அடிப்படை விவரங்கள் பலருக்கும் தெரிந்தவைதான். ஜெர்மனியின் டிஎல்ஆர் ஆய்வு மையத்தில் 2001-இல் தொடங்கிய இலவச, திறந்த மூலநிரல் மென்பொருள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து தடத்தை எடுத்து, நிலையங்களைக் குறித்து, பெட்டிக்கு 105 பேர் என்று கொடுத்தால் செங்காங்கின் கிழக்கு, மேற்கு வளையங்கள் இரண்டும் திரையில் ஓடும்.

எனக்கு அது தந்த பெரிய சந்தோஷம் பயணிகள் வருகிற விதத்தில் இருக்கிறது. மணிக்கு இத்தனை பேர் என்று சீராக அனுப்பினால் மேடையில் நெரிசலே தெரியாது. சாயங்காலம் செங்காங்கில் யாரும் அப்படிச் சீராக வருவதில்லை. வடகிழக்குப் பெருவிரைவு ரயில் பாதையில் வரும் ஆறு பெட்டி ரயில் நிறைந்தால் சுமார் 1,900 பேர். அதில் கால்வாசிப் பேர் இறங்கி மேலே எல்ஆர்டி மேடைக்கு வந்தாலே நாலு பெட்டி போதாது. அப்படியே அலை அலையாக ஆட்களை விட்டு, எல்ஆர்டி புறப்படும் நேரத்தை அந்த அலையோடு ஒட்டி நகர்த்திப் பார்த்தேன். ஒரு பெட்டிகூடக் கூட்டவில்லை, மேடையில் மிஞ்சி நிற்பவர்கள் கண்ணெதிரே குறைந்தார்கள். எந்த அட்டவணையைப் பார்த்தாலும் இது புரிந்திருக்காது.

ஆனால் ஒரு விஷயம் இன்றைக்கும் எரிச்சலூட்டுகிறது. ஒருவர் வண்டியில் ஏற எவ்வளவு நேரம் என்பதற்கு சூமோ ஒரே ஓர் எண்ணைத்தான் வைத்துக்கொள்கிறது. நாம் மாற்றாதவரை அது அரை விநாடி. மாற்றலாம்தான். ஆனால் என்ன எண் கொடுத்தாலும் காலிப் பெட்டியில் முதலில் ஏறுபவருக்கும் நூறாவது ஆளுக்கும் அதே நேரம்தான். நிஜத்தில் என்ன நடக்கிறது? நடுவில் இடம் இருக்கும், கதவோரம் நிற்பவர்கள் நகரமாட்டார்கள். தள்ளுவண்டியோடு ஓர் அம்மா, முதுகுப்பையைக் கழற்றாத ஒரு மாணவர், மூடப்போன கதவு மறுபடி திறக்கும். முதல் நாற்பது பேர் ஏறிய நேரத்தைக் கடைசி ஐந்து பேரே எடுத்துக்கொள்வார்கள். அந்தத் தாமதத்தில் அடுத்த நிலையத்தில் இன்னும் பத்துப் பேர் சேர்ந்திருப்பார்கள், அங்கே இன்னும் தாமதம். பின்னால் வரும் வண்டி பாதி காலியாக ஒட்டிக்கொண்டே வரும். நெரிசல் நெரிசலை வளர்ப்பது இப்படித்தான். நான் பார்க்க நினைத்ததே இதைத்தான், அதுவே திரையில் மழுங்கிப் போகிறது.

இரண்டு பெட்டி ரயில்களைச் சோதிக்கும்போது இது இன்னும் உறுத்தும். 2021-இல் 17 ரயில்கள், அப்புறம் இன்னும் 8 என்று மொத்தம் 25 புதிய இரட்டைப் பெட்டி ரயில்களை செங்காங், பொங்கோல் வளையங்களுக்காக வாங்க ஏற்பாடானது. பணிமனையையும் 3.5 ஹெக்டேரிலிருந்து 11.1 ஹெக்டேருக்கு விரிவாக்க முடிவானது. 210 பேர் ஏறலாம் என்பது ஒரு நன்மை. அதே 100 பேர் இரண்டு பெட்டிக்கும் பிரிந்து இடிபடாமல் சட்டென்று ஏறி, வண்டி நேரத்துக்குக் கிளம்புவது இன்னொரு நன்மை. என் கணிப்பில் இரண்டாவதுதான் பெரியது. மாறாத ஓர் எண் அதைக் காட்டாது.

நியாயமாகச் சொன்னால் சூமோ முதலில் சாலைப் போக்குவரத்துக்காகப் பிறந்தது. ஓடிக்கொண்டிருக்கும் சூமோவை வெளியிலிருந்து நம் நிரலால் கட்டுப்படுத்தும் டிராசி என்ற வழியும் திறந்தே இருக்கிறது. பைத்தானில் எழுதி, வண்டியில் எத்தனை பேர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் கேட்டு, நிற்கும் நேரத்தை நாமே கூட்டலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் எவ்வளவு கூட்டுவது என்று சொல்ல ஆளில்லை. மேடையில் நின்று கைப்பேசியில் நேரம் பார்த்துத்தான் அந்த எண்களைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு பாராட்டியும், இன்றைக்குக் கேட்டால் நண்பருக்கு என் பதில்: வேண்டாம். வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் உட்கார்கிறவருக்கு இது தாங்காது. மீறி இறங்குவதென்றால் என் கோப்புகளை அனுப்புகிறேன். முதல் வேலையாக டெலிபோர்ட் நேரத்தை -1 என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 300 விநாடி தடத்தில் மாட்டி நிற்கிற வண்டியை சூமோ தானே தூக்கி முன்னால் வைத்துவிடும், நெரிசல் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.