லடாக் பயணத்துக்குக் கட்டிய பை: 3 பயணங்களின் அனுபவம்

2016 ஜூனில் முதன்முறையாக லடாக்குக்குப் புறப்பட்டபோது என் பை 17 கிலோ இருந்தது. விமானத்தில் 15 கிலோவுக்குத்தான் அனுமதி என்பதால், சென்னை விமான நிலையத் தரையிலேயே பையைப் பிரித்து, இரண்டு ஸ்வெட்டர்களையும் ஒரு கம்பளிக் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டு, வியர்க்க வியர்க்க வரிசையில் நின்றேன். 2019 செப்டம்பரில் அதே பை 12 கிலோவானது. 2023 ஜூலையில் ஒன்பதரைக் கிலோ. இடையில் குறைந்த அந்த ஏழரைக் கிலோ, முதல் பயணத்தில் என்னைப் பிடித்த ஏழரைச் சனி என்றே இப்போது தோன்றுகிறது. எந்தப் பொருள் இத்தனை ஆண்டுகள் உழைத்தது, எது வெறும் சுமையாக வந்து திரும்பியது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஜாக்கெட். கம்பளிக் கோட்டை முதல் பயணத்தோடு கைவிட்டு, 2019இல் வாத்தின் மென்தூவி அடைத்த டவுன் ஜாக்கெட் ஒன்றை வாங்கினேன். சுருட்டினால் உரித்த தேங்காய் அளவுக்கு அடங்கிவிடும். பாங்கோங் ஏரிக்கரையில் இரவுக் காற்று கூடாரத்தைப் பிய்த்தெறிவதுபோல் வீசியபோதும் உள்ளே குளிர் ஏறவில்லை. அதன் பலவீனம் ஈரம். நனைந்தால் தூவி ஒட்டிக்கொண்டு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் தன்மையை இழந்துவிடும் என்பதை அறியாமல், ஊர் திரும்பியதும் வழக்கமான சோப்புத்தூளில் ஊறவைத்துத் துவைத்துவிட்டேன். மொட்டைமாடிக் கொடியில் அது எலுமிச்சை எலுமிச்சையாகக் கட்டி தட்டித் தொங்கிய காட்சியைக் கண்டு வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். மூன்று நாள் நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு கட்டியாக விரலால் உதிர்த்த பிறகே பழைய நிலைக்கு ஓரளவு வந்தது. இன்று தையல் வழியாக அவ்வப்போது ஓர் இறகு எட்டிப் பார்க்கிறது. மற்றபடி கொடுத்த பணத்துக்குக் குறைவில்லை. உள்ளே அணிய இரண்டு தெர்மல் ஆடைகளும் ஃபிளீஸ் எனப்படும் செயற்கைக் கம்பளித் துணியில் தைத்த ஒரு சட்டையும் போதும். பருத்தி பனியன் வியர்வையை உடம்போடு ஒட்டவைத்துக்கொள்வதால், ஏறி முடித்து நின்ற மறுநிமிடமே நடுக்கம் பிடிக்கும்.

காலணி விஷயத்தில் நான் பட்டது வேறு வகை. பரணில் நான்கு ஆண்டுகள் கிடந்த மலையேற்றக் காலணி பார்வைக்குப் புதிதாகவே இருந்ததால் நம்பி எடுத்துச் சென்றேன். திக்சே மடாலயத்தின் படிகளில் பாதி ஏறியபோது வலது காலின் அடிப்பாகம் முதலை வாயைப் பிளப்பதுபோல் பிளந்துகொண்டது. கடலோர ஊரின் ஈரக்காற்றில் பாலியூரிதேன் என்ற செயற்கைப் பொருளாலான அடிப்பாகம் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் உள்ளுக்குள் சிதைந்துபோகும் என்பது பின்னர்தான் தெரிந்தது. பை கட்டியிருந்த கயிற்றால் காலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

மருந்துப் பெட்டியைப் பற்றிப் பேசுமுன் நாள்களைப் பற்றிப் பேச வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லடாக்கின் முக்கிய நகரமான லேவில் இறங்கினால், அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். 2016இல் எங்களை அழைத்துச் சென்ற ஏற்பாட்டாளர் மறுநாளே 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லா கணவாய்க்கு வண்டியைக் கிளப்பினார். தலை வெடிப்பதுபோல் வலித்து, சாலையோரத்தில் இருமுறை வாந்தியெடுத்தேன். நுப்ரா பள்ளத்தாக்கில் இறங்கியதும் வலி தணிந்தது, ஏனெனில் அது லேவைவிடத் தாழ்வான இடம். 2019இல் ஸ்ரீநகர், கார்கில் வழியாகச் சாலையில் படிப்படியாக ஏறினேன். 2023இல் விமானத்தில் போனாலும் லேவில் இரண்டு முழு நாள்கள் ஊர் சுற்றாமல் கிடந்தேன். இரண்டு முறையும் தொல்லையில்லை. 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்குமேல் கூட்டக்கூடாது என்ற மருத்துவ விதியைப் பயணத்திட்டம் வகுக்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

உயரத்தால் வரும் இத்தகைய உபாதையைத் தடுக்க, டயமாக்ஸ் எனப்படும் அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவர் சொன்னபடி, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து காலையும் இரவும் 125 மில்லிகிராம் எடுத்துக்கொண்டேன். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். விரல்நுனிகள் மரத்துக் குறுகுறுக்கும். சிறுநீர் அடிக்கடி வரும். உறைபனி இரவில் கழிப்பறைக்கு மூன்றாம் முறை எழுந்து போகிறவருக்கே அதன் முழு அருமை தெரியும். இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் சதவீதத்தைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரால் எனக்கு நன்மையைவிடக் கலக்கமே மிகுதி. விரல் சில்லிட்டிருந்தால் எண் தவறாகக் குறையும்; 84 என்று காட்டிய ஒரு இரவு முழுவதும் கண்மூடாமல் கிடந்து, காலையில் கையைத் தேய்த்துச் சூடேற்றிப் பார்த்தபோது 90 வந்தது. இப்போது தலைவலி, தள்ளாட்டம், ஓய்விலும் மூச்சுத்திணறல் ஆகியவற்றைத்தான் கவனிக்கிறேன்; தலைவலி முற்றினாலோ மற்ற இரண்டில் ஒன்று தோன்றினாலோ உடனே கீழே இறங்குவதுதான் வழி.

சிறு பொருள்களில் என்னை வியக்கவைத்தது நல்லெண்ணெய். வறண்ட காற்றில் மூக்கின் உட்புறம் வெடித்து இரத்தம் கசியும். தேங்காய் எண்ணெய் புட்டியோ லேவின் காலைக் குளிரில் கல்லாக உறைந்திருந்தது. உறையாத நல்லெண்ணெயில் ஒரு சொட்டைச் சுண்டுவிரலால் தடவிக்கொண்டால் அன்றைய பொழுது ஓடிவிடும். சன்ஸ்கிரீன் வாங்கியும் மூக்கின் அடிப்பகுதியில் பூச மறந்ததால், பாங்கோங் நீரில் பட்டுத் தெறித்த வெயிலில் அங்கே மட்டும் தோல் உரிந்தது. வீட்டிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடி, காற்றழுத்தம் குறைந்ததால் பந்துபோல் உப்பிய பொட்டலம் வெடித்துத் தெர்மல் ஆடை முழுவதும் பெருங்காயம் மணக்கச் செய்தது. அதன்பின் திருகுமூடி டப்பாவில்தான் எடுத்துச் செல்கிறேன். துக்பா எனும் நூடுல்ஸ் சூப்பில் ஒரு கரண்டி தூவிச் சாப்பிட்டால் அமிர்தம்.

வெளிமாநிலப் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், இரவில் கைபேசியோடு அதையும் போர்வைக்குள் சேர்த்துக்கொண்டால் மின்கலம் குளிரில் சோர்ந்துபோகாது.

அடுத்து வானியல் ஆய்வகம் இருக்கும் ஹான்லேவுக்குப் போக எண்ணியிருக்கிறேன். 2017இல் வாங்கிய காலணியைப் பரணிலிருந்து இறக்கி, மூன்று வாரமாகக் காலையில் கடற்கரை மணலில் அணிந்து நடந்து வருகிறேன். நேற்று இடதுகாலின் குதிப்பக்கம் மெல்லியதாக ஒரு விரிசல் தெரிந்தது.